மூச்சுக்கு விட்ட இடம்

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்களைப் பற்றி நான் எதுவும் பேசப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடுகிற பொத்தானை நீங்கள் பேசிக்கொண்டே அமுக்குகிறீர்கள். அப்படி அமுக்கிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறீர்களே, அதையும் கவனித்திருக்கிறேன். இருக்கட்டும், உங்கள் வயதில் நானும் அப்படித்தான் பார்த்தேன். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு பாட்டில் எதை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று முடிவெடுக்கும் நேரம் ஒன்று வரும். அப்போது பொத்தான் தெரிந்திருப்பது அவ்வளவாக உதவாது.

சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இருந்த ஒரே பெண் நான்தான். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் பெயரை எழுத மாட்டேன். பாராட்டினால் அவருக்குக் கோபம் வரும். அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒரு பாட்டை முதல் தடவை கேட்கும்போது கை மடியில் இருக்க வேண்டும், எதையும் தொடக்கூடாது. இன்னொன்று, ஸ்பீக்கரைப் பார்க்கக்கூடாது. அது யாருடைய பாட்டோ அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஸ்பீக்கருக்கு மூஞ்சி இல்லம்மா. அத்தப் பாத்து இன்னா தெரிஞ்சிக்கப் போற?" என்பார்.

என் விரல் மெல்ல நகர்ந்தால் போதும், பின்னாலிருந்து ஒரு இருமல் வரும். மனுஷன் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் அன்று நினைத்தேன். அவர் சொன்னது முழுதாகப் புரிய, நான் ஓய்வுபெறும் வயதாகிவிட்டது. புரிய வைத்தது ஒரு ராப் ஆல்பம்.

என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை, அங்கே டவுன்ஷிப்பில் குடியிருந்தோம். அவர் ஓய்வுபெற்ற பிறகு ஊரப்பாக்கத்தில் வீடு வாங்கினோம். மாடியில் ஒரு அறையை ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டேன். கனமான கதவு போட்டதில் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் சத்தம் நின்றது. மின்சார ரயில் சத்தத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே அங்கே பாடியவர்கள் எல்லோரும் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில்தான் பாடினார்கள். பெரும்பாலும் பக்திப் பாடல்கள், பள்ளி ஆண்டுவிழாப் பாடல்கள். ஒருநாள் பகல் வேளையில் கஜா வந்து நின்றான்.

முழுப்பெயர் கஜேந்திரன். சதுரங்கப்பட்டினத்து மீனவர் குடும்பம். ஐ.டி. கம்பெனி ஊழியர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் திரும்பக் கூட்டிவரும் வேனுக்கு ஓட்டுநர். நடுவில் கிடைக்கும் பகல்தான் அவனுக்குச் சொந்தம்.

"மேடம், ராப் ரெக்கார்ட் பண்ணணும். நீங்க பண்ணுவீங்களா, இல்ல சாமி பாட்டு மட்டுந்தானா?"

"நாய் குரைச்சாலும் ரெக்கார்ட் பண்ணுவேன். உள்ள வா."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "நம்மளுது கொஞ்சம் நாய் கொலைக்கிற மாரிதான் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

ராப் என்றால் அவசரத்தில் இருக்கும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வது என்பதுதான் அதுவரை என் எண்ணம். அவன் முதலில் சொல்லிக் காட்டியது ஏரியைப் பற்றிய பாட்டு.

"ஏரி மேல வூடு கட்டிட்டு ஏரிய வராதன்ற
அது அதோட வூட்டுக்கு வந்துகினு கீது, நீ எங்க வந்த?"

சிரித்துவிட்டேன். அடுத்த கணம் சிரிப்பு நின்றது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. அப்போது நான் ஏரியைத்தான் திட்டினேன்.

ஆல்பத்துக்கு அவன் வைத்திருந்த பெயர் 'வேலிக்கு அந்தாண்ட'. கடற்கரையை வளைத்து விடுதிகள் போட்ட வேலி, வலை காயப்போட இடமில்லாமல் தெருவுக்கு வந்தவர்கள், அவர்கள் கருவாடு காயவைப்பதைப் படம் பிடிக்கும் சுற்றுலாக்காரர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. அவனிடம் எனக்குப் பிடித்தது, யாரையாவது குறை சொல்லும் முன் தன்னையும் அந்த வரிசையில் நிறுத்திக்கொள்வான். ஒரு பாட்டில் ஏ.சி. வேன் ஓட்டுநர் ஒருவன் ரோட்டோரம் மீன் கூடையோடு நடக்கும் அம்மாவைப் பார்த்து ஹாரன் அடிக்கிறான். அந்த ஓட்டுநர் அவன், அந்த அம்மா அவனுடைய அம்மா. இதைப் பாட்டு முடியும் இடத்தில்தான் சொல்வான். இத்தனை வருடம் எத்தனையோ பேர் குரலைப் பதிவு செய்திருக்கிறேன், இவ்வளவு நேர்மையாக யோசிக்கிற ஒரு ஆள் என் அறைக்கு வந்தது என் அதிர்ஷ்டம்.

கடைசியாகத்தான் அந்தப் பாட்டைக் கொண்டுவந்தான். பெயர் 'எறங்குனான்'. அவனுடைய அண்ணனைப் பற்றியது.

அண்ணன் எல்லப்பன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். படகு ஏற்றும் கரைக்கு வேலி வந்த பிறகு ஒரு விடுதியில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் அங்கே கழிவுநீர்த் தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறக்கப்பட்ட ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தார். எல்லோரும் மேலே நின்று கத்திக்கொண்டிருக்க, எல்லப்பன் அவரைத் தூக்க இறங்கினார். இரண்டு பேருமே உயிரோடு வெளியே வரவில்லை. அன்று சதுரங்கப்பட்டினத்தில் யாரும் படகு எடுக்கவில்லை. எல்லப்பனின் மகள் தர்ஷினி அப்போது சின்னக் குழந்தை. அவளுக்கு நைனா கடலில் போய்விட்டார் என்று சொன்னார்கள். கடலில் சாவு விழுந்தால் யாரும் படகு எடுக்க மாட்டார்கள் என்பதால், படகுகள் கரையில் நின்றதைப் பார்த்தவள் அதை நம்பினாள். ஊரும் அதுநாள்வரை அதைக் காப்பாற்றி வந்தது.

"அண்ணி சரின்னு சொன்னாதான் இந்தப் பாட்டு வெளிய வரும். வாக்கு குடுத்துக்கீறேன். ஆனா மொதல்ல முடிச்சிடலாம் யக்கா" என்றான். மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று எனக்கே நினைவில்லை.

பாட்டின் கடைசிப் பகுதிக்கு அவன் ஒரு யோசனை வைத்திருந்தான். பாடுகிறவர் மூச்சு இழுக்கும் சத்தத்தை நாம் குறைப்போம், முழுதாக எடுக்க மாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் முழுதாக எடுக்கச் சொன்னான். வரிக்கும் வரிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் மூடச் சொன்னான்.

"அண்ணன் காத்து இல்லாம செத்தான் யக்கா. கடசி வரிங்க மொத்தமும் மூச்சே இல்லாம வரணும். கேக்கறவனுக்கு நெஞ்சு அடைக்கணும்."

செய்தேன். நன்றாகவே செய்தேன். அவன் பல தடவை பாடிய டேக்குகளிலிருந்து வார்த்தைகளை எடுத்துத் தைத்து, மூச்சு விட ஒரு நூல் இடம்கூட இல்லாமல் முடித்தேன். எந்த மனிதனாலும் அப்படித் தொடர்ந்து பாட முடியாது. ஆனால் கேட்டால் தையல் தெரியாது. ஆல்பத்தை வெளியிட இருந்த கம்பெனியின் ஆள் கேட்டுவிட்டு, "மேடம், எல்லாரும் பேசப்போறது இந்த எடத்தப் பத்திதான்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மகாபலிபுரத்தில் வெளியீட்டு நிகழ்ச்சிக்கு நாள் குறித்து அறிவித்தும் விட்டார்கள்.

மிச்சமிருந்தது அண்ணியின் சம்மதம். கஜா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "போன்ல அனுப்பிடறேன் யக்கா. நான் எதிர்ல இருந்தா அழுதுடுவாங்க" என்றான்.

"அதுக்குத்தான் நீ எதிர்ல இருக்கணும். இங்க கூட்டிட்டு வா."

என் குருவின் இருமல் அப்போது எனக்குக் கேட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி வந்தார். காலையில் கல்பாக்கம் டவுன்ஷிப் குடியிருப்புகளில் மீன் விற்றுவிட்டு, பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து ரயிலில் வந்திருந்தார். என் கணவரைப் பார்த்ததும், "சார் நம்ம கஸ்டமராச்சே, வஞ்சிரம் கேட்டு பேஜாரு பண்ணுவாரு" என்றார். எங்கள் வீட்டில் சைவம்தான். டவுன்ஷிப்பில் இருந்தபோது என் கணவர் மூன்றாம் மாடி மாமா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வஞ்சிரம் சாப்பிட்டு வந்த கதை எல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. அறைக்குள் நுழைந்து நான் கதவைச் சாத்தப் போனபோது செல்வியின் முகம் மாறியது.

"கதவு தொறந்தே இருக்கட்டும் மேடம். மூடுன ரூம்ல எனக்கு ஆவாது."

நம் தொழிலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் பாட்டைப் போட்டுக்காட்ட மாட்டோம். திறந்தே வைத்தேன். பாட்டைப் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

தொடக்கத்தில் லேசாகச் சிரித்தார். எல்லப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலோடு வம்புக்குப் போகும் வரிகள் அவை. வேலி வந்த இடத்தில் தலையை ஆட்டினார். தொட்டி வந்தபோது கண்ணில் நீர் கோத்தது, ஆனால் நிதானமாகத்தான் இருந்தார். கடைசி வரிகள் தொடங்கின. செல்வியின் மார்பு அசைவது நின்றுவிட்டது. உதடுகள் இறுகின. கழுத்து நரம்பு புடைத்தது. கஜாவின் குரலோடு அவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். தனக்கே தெரியாமல்தான் அடக்கினார் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கரில் நான் தைத்த தையல் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மடியிலிருந்து கையை எடுத்துப் பாட்டை நிறுத்தினேன். அதற்குள் அவர் எழுந்து திறந்த கதவு வழியாகப் பால்கனிக்குப் போய்விட்டார்.

கஜா பின்னாலேயே ஓடினான். "அண்ணி, வேணாம்னா வேணாம். இப்பவே அழிச்சிடறேன்."

செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெறுமனே காற்று வாங்கினார். ஒரு ரயில் வந்து போனது.

"வார்த்தைங்கள்லாம் சரியாத்தான் கீது. அவரு பேசற மாரியே சொல்லிக்கீற. ஆனா கடசில நீ மூச்சே வுடலயே கஜா."

"அது... அண்ணன் மாரி இருக்கணும்னு அண்ணி."

"ஒர்த்தரு மூச்சு இல்லாம போனது போதாதா? நீயும் எதுக்கு?"

செல்வியே தொடர்ந்தார். "பாப்பாகிட்ட நானே சொல்றேன். எத்தினி வருஷம் கடல் மேல பழி போட்டுகினு இருக்கறது? அவ நைனா ஒர்த்தரத் தூக்கப் போனாருன்னு அவளுக்குத் தெரியட்டும். ஆனா இத்தக் கேக்கும்போது அவளுக்கு மூச்சு முட்டக் கூடாது. அத்த மட்டும் பண்ணிக்குடு."

அந்தப் பெண்மணிக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை.

நெருக்கடி அதன் பிறகுதான் ஆரம்பித்தது. நிகழ்ச்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. பாட்டுக்கான வீடியோவை அந்த மூச்சில்லாத வரிகளுக்கு ஏற்ப வெட்டி முடித்திருந்தார்கள். கம்பெனி ஆள் தொலைபேசியில், "அந்த எடத்த எடுத்துட்டா இது சாதாரணப் பாட்டாயிடும் மேடம்" என்றார். கஜா கீழே வேனில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் இறங்கிப் போனேன்.

"அண்ணிக்காக மாத்துனா பாட்டு பூடும்னு தோணுது யக்கா. மாத்தலன்னா அண்ணி மூஞ்சில முழிக்க முடியாது. நீங்க சொல்லுங்க."

நியாயமாகச் சொல்கிறேன், அந்த இடம் நல்ல யோசனை. முகம் தெரியாத ஆயிரம் பேர் கேட்டிருந்தால் அசந்து போயிருப்பார்கள். நானும் அதை வெட்டியபோது அந்த முகம் தெரியாதவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாட்டு யாருடையதோ அவர் முகத்தை நான் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"கேக்கறவங்களுக்கு நெஞ்சு அடைக்கணும்னு சொன்ன. முதல்ல யாருக்கு அடைச்சுதுன்னு பார்த்த இல்ல? மேல வா, மறுபடி எடுக்கலாம்."

கம்பெனி ஆளை மறுபடி போனில் கூப்பிட்டு, "அப்போ சாதாரணப் பாட்டாவே வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் மறுத்துப் பேசும் முன் போனை வைத்தேன். மரியாதைக் குறைவுதான். சில நேரம் வேலைக்கு அதுவும் தேவைப்படுகிறது.

கதவைத் திறந்து வைத்து, செல்வியை வாசலருகே நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தோம். கடைசிப் பகுதியின் நடுவில் கஜா நின்று, நன்றாக மூச்சு இழுத்து, விட்டு, பிறகு அடுத்த வரிக்குப் போனான். அந்த இடைவெளியில் தூரத்து ரயில் லேசாக விழுந்திருந்தது. அதை எடுக்கவில்லை. பாட்டு போய்விடும் என்று பயந்தானே, கேட்டபோது அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒரு தம்பி தன் அண்ணனைப் பற்றி நம்மிடம் பேசிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி மகளைக் கூட்டிவந்தார். வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வராமல், அவர்கள் ஊர் டச்சுக் கோட்டை மதில் ஓரம் கூட்டிப்போய் உட்கார வைத்துச் சொன்னாராம். தர்ஷினி பெரிய ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். கஜா மூச்சு இழுத்த இடத்தில் அவளும் இழுத்தாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிப் பத்திரமாக மேஜையில் வைத்தாள்.

"சித்தப்பா, நைனா ஒர்த்தரத் தூக்கப் போனாரே, அவரு பேரு இன்னா?"

கஜா என்னைப் பார்த்தான். நான் செல்வியைப் பார்த்தேன்.

"படாளம் பக்கம்னு சொன்னாங்க பாப்பா" என்றான்.

"ஊரு இல்ல. பேரு."

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பாட்டில் அவர் 'உள்ள கெடந்த ஒர்த்தன்'. யாரும் பார்க்காதவர்களைப் பற்றி ஒரு முழு ஆல்பம் எழுதியவன், அதை வரி வரியாகக் கேட்டு வெட்டி ஒட்டிய நான், ஒருவருக்கும் அந்தக் கேள்வி எழவில்லை. எல்லப்பன் யாருக்காக இறங்கினாரோ அந்த மனிதரைப் பற்றிக் கேட்க ஒரு குழந்தை வரவேண்டியிருந்தது. கஜா முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். "நானும் வேலி போட்டுக்கீறேன் யக்கா" என்றான்.

அடுத்த விடுமுறை நாளில் வேனை எடுத்துக்கொண்டு படாளம் போனான். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். அவர் பெயர் ஏழுமலை. அவருடைய தாயார் இருந்தார். தன் மகனைத் தூக்க இறங்கியவரின் தம்பி என்று தெரிந்ததும், கஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். பாட்டில் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறான்.

"சொல்லு நைனா. நல்லா கேக்கற மாரி சொல்லு" என்றாராம்.

பெயரை எங்கே வைப்பது? பாட்டை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தோம். கஜாவின் வரிகள் எல்லாம் நெருக்கிக் கட்டியவை. ஒரு சொல் நுழைய வழி இல்லை. கடைசிப் பகுதியில், செல்வி கேட்டு வாங்கிய அந்த இடைவெளியில் மட்டும்தான் இடம் இருந்தது. மூச்சை இழுத்து, விட்டு, 'ஏழுமலை' என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போனான். செல்வி கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பெயருக்கு அந்தப் பாட்டில் இடமே இருந்திருக்காது.

கம்பெனி ஆளுக்குப் போட்டுக் காட்டினேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர், "வீடியோவ மாத்திக்கறோம் மேடம்" என்று மட்டும் சொன்னார். அவர் போனை நான் பாதியில் வைத்ததற்கு அன்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

மகாபலிபுரத்து நிகழ்ச்சி ஒரு மாலையில் நடந்தது. திறந்த வெளி. கடல் காற்று மைக்கில் மோதிக்கொண்டே இருந்தது. நான் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கன்சோலில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்யும் கடைசி நிகழ்ச்சி என்று முடிவு செய்திருந்தேன். முதல் வரிசையில் செல்வியும் தர்ஷினியும், அவர்களுக்குப் பக்கத்தில் படாளத்திலிருந்து வந்திருந்த ஏழுமலையின் தாயாரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் சத்தத்தில் மிரண்டு, சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

'எறங்குனான்' வந்தது. கடைசிப் பகுதியில் கஜா நின்றான், மூச்சை இழுத்தான். அவன் வாயைத் திறக்கும் முன் முதல் வரிசையிலிருந்து தர்ஷினி சொன்னாள். மைக் இல்லை, கத்தவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் சொன்னாள்.

"ஏழுமலை."

கஜா அதைத் திரும்பச் சொல்லவில்லை. மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டு அடுத்த வரிக்குப் போனான். கூட்டத்தின் பக்கம் வைத்திருந்த மைக்கைக் கூட்டி அந்தக் குரலைப் பெரிதாக்கியிருக்கலாம். என் விரல் அதற்கான பொத்தான் மேல்தான் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்றைய பதிவு எப்போதாவது உங்களில் யார் கைக்காவது வரும். அந்த இடத்தில் குழந்தையின் குரல் மிக மெலிதாக, காற்றோடு கலந்து கேட்கும். கூட்டச் சொல்வார்கள். கூட்டாதீர்கள். அவள் சொன்னது கேட்க வேண்டியவருக்குக் கேட்டது. ஏழுமலையின் தாயார் காதிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு, வாசலில் யாரோ தன் மகனைக் கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தார். அப்போது நான் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதற்காக, இருமியே எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.